மகள் ஒன்பதாம் வகுப்பில் சமையல் பாடம் கேட்கிறாள்: எடுக்க விடலாமா?

டாலஸ்_வடக்கு (இழையைத் தொடங்கியவர்)

எட்டாம் வகுப்பு மகளுக்கு ஹைஸ்கூல் பாடத் தேர்வு ஃபார்ம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கணக்கு, சயின்ஸ், ஸ்பானிஷ் எல்லாம் முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாடம்). நான் ஏபி (கல்லூரித் தரப் பாடம்) கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரின்சிபிள்ஸ் என்று பென்சிலில் எழுதி வைத்தேன். மகள் அதை அழித்துவிட்டு 'இன்ட்ரொடக்‌ஷன் டு கலினரி ஆர்ட்ஸ்' என்று பேனாவில் எழுதியிருக்கிறாள்.

வீட்டுக்காரர் "ஆசைப்படுறா, எடுக்கட்டுமே" என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "பொம்பளப் புள்ளைக்கு நல்லதுதானே" என்றார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான் படித்த பள்ளியில் பத்தாவதில் மார்க் குறைந்த பெண்களை ப்ளஸ் ஒன்னில் மனையியல் குரூப்பில் போடுவார்கள். என் அக்கா அப்படிப் போனவள். கணக்கு நன்றாகப் போடுவாள், ஒரு பரீட்சையில் சறுக்கியதற்கு அதுதான் கிடைத்தது. இத்தனை தூரம் வந்து என் மகளும் கரண்டி பிடிக்கத்தானா?

அதை விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது, ரேங்க் எவ்வளவு அடிபடும்? உள்ளே உருப்படியாக ஏதாவது சொல்லிக்கொடுக்கிறார்களா? இன்னொன்று, நாங்கள் சைவம்.

கணக்குப்பிள்ளை

டெக்சாஸில் ரேங்க் வெறும் பெருமை சமாச்சாரம் இல்லை. 1997 சட்டப்படி பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். யூடி ஆஸ்டினில் (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மட்டும் கெடுபிடி அதிகம். அங்கே 6 சதவீதமாக இருந்தது 2026 ஃபாலிலிருந்து 5 ஆகிவிட்டது.

உங்கள் ஐஎஸ்டியில் (பள்ளி மாவட்டத்தில்) ஏபி பாடத்துக்கு உச்சம் 6, சாதாரணப் பாடத்துக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஏபியிலும் முழு மார்க் வாங்கிய பிள்ளைக்கு 6.0. அதே பிள்ளை எட்டாவதாகச் சமையலும் எடுத்து அதிலும் நூற்றுக்கு நூறு வாங்கினால் 47 வகுத்தல் 8, அதாவது 5.875. ஒரு பாடம் கூடுதலாகப் படித்து, அதில் முழு மார்க்கும் வாங்கி, சராசரியில் இறங்குகிற அதிசயம் இந்த ஊரில்தான் நடக்கும். படிக்காமல் லைப்ரரியில் உட்கார்ந்திருந்த பிள்ளை மேலே நிற்கும்.

ஆனால் இது ஒரு செமஸ்டர் கணக்கு. நான்கு வருஷத்துக்குமாகச் சேர்த்து 28 பாடம் என்றால், ஒரு பாடத்தில் ஒரு புள்ளி போவது 0.036 தான். போட்டி கொதிக்கிற பள்ளி என்றால் இந்த 0.036-க்குள் ஒரு கூட்டமே நிற்கும். சாதாரணப் பள்ளி என்றால் ஒன்றுமே இல்லை. சில ஐஎஸ்டிகள் ரேங்குக்கு எலெக்டிவ்களைச் சேர்ப்பதே இல்லை. ஸ்கூல் கவுன்சிலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

என் சொந்தக் கருத்து: சமையலை யூடியூபில் கற்றுக்கொள்ளலாம்.

மூக்குப்பொடி

மாமியார் சந்தோஷப்பட்டார் என்பதற்காக ஒரு பாடத்தை நிராகரிக்கிற முதல் ஆள் நீங்கள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. வாழ்த்துகள்.

ஒஹாயோ_டீச்சர்

இந்தப் பாடத்தை நடத்துவதுதான் என் வேலை. இப்போது பள்ளிகளில் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்ற தலைப்பின் கீழ் வரும். சமையல் அதில் ஒரு கிளை. குழந்தை வளர்ச்சி, சத்துணவு, தையல் மற்றும் துணி, வீட்டு அலங்காரம், பணம் கையாளுதல் என்று மற்றவையும் உண்டு. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இருக்காது.

முதலில் அந்தக் கரண்டி விஷயம். அமெரிக்காவில் இந்தத் துறையை ஆரம்பித்தவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியலாளர். எம்ஐடியில் சேர்ந்த முதல் பெண். 1873-ல் பட்டம் வாங்கி, பிறகு அங்கேயே கொஞ்ச காலம் சம்பளம் இல்லாமல் பெண்களுக்கு வேதியியல் நடத்தியவர். மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தண்ணீரைப் பரிசோதித்த பெரிய ஆய்வில் அவர் கை உண்டு. பெண்களுக்கு லேப் கதவு திறக்காத நாளில், வீட்டுக்குள் இருக்கிற தண்ணீர், காற்று, சாப்பாடு எல்லாவற்றையும் லேபுக்குக் கொண்டுபோனார். 1899-லிருந்து லேக் பிளாசிட் என்ற ஊரில் வருஷா வருஷம் கூடிப் பேசி, 1908 முடிவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் அவர்தான்.

கெட்டது அப்புறம்தான். 1917-ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்து விவசாயம், தொழிற்கல்வி, மனையியலுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. பணத்தோடு சேர்ந்து 'பெண்கள் சமையலுக்கு, பையன்கள் பட்டறைக்கு' என்ற பிரிவும் ஊர் ஊராக இறுகிப்போனது. உங்கள் அக்காவுக்கு நடந்தது இங்கேயும் லட்சக்கணக்கான பெண்களுக்கு நடந்தது. 1972-ல் டைட்டில் நைன் என்ற சட்டம் வந்து, 1975 விதிமுறைகளுக்குப் பிறகுதான் ஆண், பெண் என்று பார்த்துப் பாடம் ஒதுக்குவது சட்டவிரோதமானது. இன்று என் சமையல் வகுப்பில் பையன்கள்தான் அதிகம். பாதிப் பேர் பசிக்காக வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

யூடியூப் பற்றி: வீடியோ பார்த்து பிரியாணி செய்யலாம். கோழியின் நடுப்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால்தான் இறக்க வேண்டும் என்பதையும், 41-க்கும் 135-க்கும் நடுவில் சாப்பாடு கிடந்தால் கிருமி பெருகும் என்பதையும், ஒரு அண்டா சூப்பை இரண்டு மணி நேரத்துக்குள் 70-க்கும் அடுத்த நான்கு மணிக்குள் 41-க்கும் ஏன் இறக்க வேண்டும் என்பதையும் யாரும் வியூஸ் வாங்க வீடியோ போட மாட்டார்கள். ஏன், எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு சர்வ்சேஃப் என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் பரீட்சை இருக்கிறது. நேஷனல் ரெஸ்டாரண்ட் அசோசியேஷன் நடத்துவது. பதினாறு வயதுப் பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் கடையில் வேலை கேட்கும்போது பேச்சே வேறு.

அப்புறம் நேரம். ஐம்பது நிமிஷ வகுப்பில் நாலு பேர் ஒரு அடுப்பில் மஃபின் செய்து, சுட்டு, சாப்பிட்டு, கழுவி, அலசி, கிருமிநாசினியில் முக்கி, மேடையைத் துடைத்துவிட்டு மணி அடிக்கும்போது வெளியே போக வேண்டும். அந்த நாலு பேரை நான் பிரித்துப் போடுவேன், அவர்கள் சேர மாட்டார்கள். மாவை அதிகம் கலக்கினால் குளூட்டன் முறுகி மஃபினுக்குள் சுரங்கம் சுரங்கமாக ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு யார் காரணம் என்று நாலு பேரும் சண்டை போடுவார்கள். அதுதான் வகுப்பு.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பள்ளியிலும் இப்படி நடப்பதில்லை. சில இடங்களில் லேப், அதாவது கையால் சமைக்கிற வகுப்பு, அபூர்வம். மிச்ச நாளெல்லாம் வொர்க்‌ஷீட், போட்டி நிகழ்ச்சி வீடியோ. அதனால் 'வாரத்துக்கு எத்தனை நாள் லேப்?', 'சான்றிதழ் பரீட்சைக்கு அனுப்புகிறீர்களா?' என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

டாலஸ்_வடக்கு

நன்றி டீச்சர். ரிச்சர்ட்ஸ் கதை எனக்குத் தெரியாது. இருந்தாலும் மனசு முழுசாக ஒப்பவில்லை. சைவம் பற்றி யாராவது சொல்லுங்கள். பச்சை மாட்டிறைச்சியைத் தொட வேண்டிவருமா?

வால்பையன்

ஆன்ட்டி, நான் ஹூஸ்டன் பக்கம் இதே கோர்ஸ் எடுத்தவன். இப்போ ஃபுட் சயின்ஸ் மேஜர். வீட்டில் முட்டைகூடக் கிடையாது.

முதல் வாரமே டீச்சருக்கு அம்மா ஒரு ஈமெயில் போட்டாங்க. லேபில் எங்க குரூப்புக்கு டோஃபு. கோழி வெட்டுற அன்னிக்கு நான் காய் வெட்டினேன். பிரச்சினையே வரலை. ஆனா பரீட்சையில் கோழி, மாடு, மீன் எல்லாத்துக்கும் டிகிரி கேப்பாங்க. சாப்பிட வேண்டாம், தெரிஞ்சுக்கணும். ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க. முதல் வருஷம் ஈஸி. அடுத்த வருஷம் 'கலினரி ஆர்ட்ஸ்' ரெண்டு கிரெடிட், ரெண்டு பீரியட் சாப்பிடும். அதுக்கப்புறம் அட்வான்ஸ்ட், பிராக்டிகம்னு போகும். அங்க கேட்டரிங் ஆர்டர் எல்லாம் எடுப்பாங்க, ஸ்டாஃப் லஞ்ச் நம்மதான் செய்யணும். அந்த லெவல்ல டோஃபு மட்டும் வெச்சு ஓட்டுறது கஷ்டம்.

கத்தி பிடிக்கிறதுதான் எனக்குப் பெரிய லாபம். கேரட்டை ஒரே மாதிரி தீக்குச்சி அளவுல வெட்டச் சொல்வாங்க, ஸ்கேல் வெச்சு அளப்பாங்க. சீரா வெட்டலைன்னா சீரா வேகாது. அம்மா முப்பது வருஷமா சமைக்கிறவங்க, நான் வெங்காயம் வெட்டுறதைப் பாத்து "தள்ளு, நான் பாக்கறேன்"னு பக்கத்துல நின்னு பாத்தாங்க.

கோவை_சாந்தி

மனையியல்னா மார்க் இல்லாதவங்க படிப்புன்னு எழுதறதைப் பார்த்தா வருத்தமா இருக்குதுங்க. நான் விரும்பி எடுத்துப் படிச்சவ. ப்ளஸ் டூவுல மனையியல், அப்புறம் காலேஜ்ல சத்துணவியல். புரதம், கலோரி, குழந்தை எடை வளர்ச்சி அட்டவணை, துணி நூலோட தன்மை, எல்லாமே பாடம்தானுங்க. கெமிஸ்ட்ரி தெரியாம ஒரு பக்கம் நகராது.

எங்க ஊர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல தொடங்கினது. அதைப் பல்கலைக்கழகம் வரைக்கும் வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மா முனைவர் பட்டம் வாங்கினது எங்கன்னு நினைக்கறீங்க? அமெரிக்காவுல ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டியிலங்க. 1992-ல பத்மஸ்ரீ. அவங்க படிச்ச படிப்பும் மேல டீச்சர் சொன்ன படிப்பும் ஒரே குடும்பம். அங்கிருந்து இங்க வந்த படிப்பை, இங்கிருந்து அங்க போன நீங்க வேண்டாம்ங்கறீங்க.

உங்க அக்காவுக்கு நடந்தது அநியாயம்தான். கேட்காம போட்டாங்க. உங்க பொண்ணு கேட்டு எடுக்கறா. ரெண்டையும் ஒண்ணா வெக்காதீங்க.

கணக்குப்பிள்ளை

சாந்தி அவர்களே, உங்கள் கடைசி வரி சரி. ஆனால் படிப்பு கெளரவமானது என்பது வேறு, அதைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பது வேறு. இங்கே டயட்டீஷியன் ஆவதற்கு 2024 ஜனவரியிலிருந்து மாஸ்டர்ஸ் கட்டாயம். அதற்கு மேல் மேற்பார்வையில் ஆயிரம் மணி நேரப் பயிற்சி, பரீட்சை. அத்தனையும் முடித்த பிறகு வரும் சம்பளத்தை ஒரு சாஃப்ட்வேர் ஆளின் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். பதினான்கு வயதில் ஆசை என்பார்கள், இருபத்துநாலு வயதில் கடன் பத்திரம் வரும்.

ஒஹாயோ_டீச்சர்

> பதினான்கு வயதில் ஆசை என்பார்கள், இருபத்துநாலு வயதில் கடன் பத்திரம் வரும்.

ஒரு எலெக்டிவ் எடுத்தால் டயட்டீஷியன் ஆகிவிட வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்பதாம் வகுப்பில் பேண்ட் வாசித்த பிள்ளைகள் எல்லாம் டிரம்பெட் ஊதியா பிழைக்கிறார்கள்?

கடன் பத்திரம் என்றீர்களே, அதையும் எங்கள் துறையில்தான் நடத்துகிறோம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் எத்தனை வருஷம் இழுக்கும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருஷம் வரும், 8 சதவீதத்துக்கு ஒன்பது வருஷம். அதே சூத்திரம் கடனுக்கும் பொருந்தும் என்று சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது. முதல் வேலையில் சேரும்போது நிரப்புகிற டபிள்யூ-4 ஃபார்ம், சம்பளச் சீட்டில் எங்கே எவ்வளவு பிடிக்கிறார்கள், எல்லாம் உண்டு. பால் கேனில் போட்டிருக்கும் 'பெஸ்ட் பை' தேதி தரத்தைச் சொல்வது, அந்த நாள் தாண்டியதும் விஷமாகிவிடும் என்று அர்த்தமில்லை. மத்திய அரசு தேதியைக் கட்டாயமாக்கியிருப்பது குழந்தை ஃபார்முலாவுக்கு மட்டும்தான். இது தெரியாமல் எத்தனை வீட்டில் நல்ல தயிரைக் கொட்டுகிறார்கள்!

பணப் பாடத்தை யூட்டா மாநிலம் பட்டம் வாங்கக் கட்டாயம் ஆக்கி வெகு காலமாகிறது. ஃபுளோரிடாவில் 2023-ல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து கட்டாயம். கலிஃபோர்னியா 2024-ல் சட்டம் போட்டிருக்கிறது. எலெக்டிவாக இருந்தபோது யாரும் சீண்டாத பாடம், கட்டாயமானதும் மதிப்பு வந்துவிடுகிறது.

பே_ஏரியா_பாலு

கலிஃபோர்னியாக்காரர்கள் யாராவது இதைப் படித்துப் பயந்தால்: யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) பார்க்கிற ஜிபிஏவில், அதாவது மார்க் சராசரியில், ஒன்பதாம் வகுப்பு மார்க் சேராது. பத்தும் பதினொன்றும்தான், அதிலும் யூசி ஏற்கிற ஏ-ஜி பட்டியலில் உள்ள பாடங்கள் மட்டும். சமையல் பாடம் உங்கள் பள்ளியில் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இடத்தை அடைக்கும், அவ்வளவே. டெக்சாஸ் ரேங்க் பைத்தியம் எங்களுக்கு இல்லை, எங்களுக்கு வேறு பைத்தியம்.

ஸ்கார்பரோ_சிவா

கனடாவில இருந்து எழுதுறன். ஒன்டாரியோவில இந்தப் பாடங்கள் கொஞ்சம் வேற மாதிரி. கிரேட் 9, 10-ல ஃபுட் அண்ட் நியூட்ரிஷன் இருக்கு. கிரேட் 12-ல 'ஃபாமிலீஸ் இன் கனடா' எண்டு ஒரு 4யூ பாடம் (யூனிவர்சிட்டிக்குப் போறவைக்கான கிரேட் 12 பாடம்), குறியீடு எச்எச்எஸ்4யூ. யூனிவர்சிட்டிக்குக் கேக்கிற ஆறு பாடச் சராசரியில அதைச் சேர்க்கலாம். அதால எங்கட பிள்ளையள் கனபேர் அதை எடுக்கினம். பெற்றோரும் மறுக்கிறேல்ல, ஏனெண்டால் மார்க் வருது! இங்க அது 'சோசல் சயின்ஸ்', அங்க உங்களிட்ட வந்தால் 'கரண்டி'. பாடம் ஒண்டுதான், கணக்கில சேருதா இல்லையா எண்டதில எங்கட மரியாதை மாறுது.

ஊரில நான் ஓ/எல் படிக்கேக்க பெட்டையளுக்கு மனைப்பொருளியல் இருந்தது. நாங்கள் விவசாயம். ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்ல, நாங்களும் கேக்கேல்ல.

என்ர மகள் பிள்ளை வளர்ப்புப் பாடம் எடுத்தவ. ஒரு வார இறுதிக்கு பாட்டரியில ஓடுற பொம்மைக் குழந்தையைக் குடுத்துவிட்டவை. ராவு ரெண்டு மணிக்கு அழும். மகளின்ர கையில கட்டின பட்டியை அது உணர்ந்தால்தான் நிப்பாட்டும், வேற ஆள் தூக்கினால் சரிவராது. தலையைத் தாங்காமல் தூக்கினால் உள்ளுக்க பதிஞ்சுபோடும், திங்கட்கிழமை டீச்சர் பார்ப்பா. அம்மம்மா பொறுக்கேலாமல் எழும்பி வந்து, தூக்கித் தோளில போட்டுத் தட்டித் தாலாட்டும் பாடிப் பாத்தா. அது நிப்பாட்டேல்ல. "ஆறு பிள்ளை வளர்த்தனான், இப்பிடி ஒரு சனியனைக் காணேல்ல" எண்டா. மகளுக்கு அந்த மூண்டு நாளைக்குப் பிறகு குழந்தை எண்டால் எவ்வளவு வேலை எண்டு விளங்கீட்டுது. நான் சொல்லியிருந்தால் விளங்கியிராது.

மூக்குப்பொடி

டீச்சர் சொன்ன 41–135 டிகிரியைப் படித்துவிட்டு மனைவி ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த பழைய சோற்றைக் கொட்டப் போய்விட்டாள். இதற்கு யார் பொறுப்பு?

ஒஹாயோ_டீச்சர்

கொட்டச் சொன்னது நான் இல்லை. :) தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைப்பது ஒன்று, வடித்த சோற்றை மூடி அடுப்பு மேலேயே மறுநாள் மத்தியானம் வரை விட்டுவைப்பது வேறு ஒன்று. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நச்சை விடும். வாந்தி வரவைக்கிற அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. 'சுடவெச்சா சரியாப்போயிடும்' என்ற நம் வீட்டு நம்பிக்கை இங்கே எடுபடாது. மிச்சச் சோற்றைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி சீக்கிரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். என் மாணவர்களில் இந்தியப் பிள்ளைகள் எல்லோரும் இதை வீட்டில் போய்ச் சொல்லித் திட்டு வாங்குவார்கள்.

மூக்குப்பொடி

அப்படியென்றால் டாலஸ் மாமியாருக்கு இந்தப் பாடம் ரொம்ப நாள் பிடிக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே எடுக்க விடலாம் போலிருக்கிறதே.

டாலஸ்_வடக்கு

சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

கவுன்சிலரிடம் ஈமெயிலில் கேட்டேன். எங்கள் ஐஎஸ்டியில் எலெக்டிவும் ரேங்கில் சேரும். கணக்குப்பிள்ளை சொன்ன 0.036 கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் லேப். சர்வ்சேஃப் பரீட்சை இரண்டாம் வருஷத்தில். சைவப் பிள்ளைகளுக்கு மாற்று உண்டு.

ராத்திரி அவளிடம் உட்கார்ந்து கேட்டேன், ஏன் இது என்று. சமைக்கப் பிடிக்கும் என்பாள் என்று நினைத்தேன். "மத்த ஆறு பீரியடும் உக்காந்துட்டே இருக்கேன்மா, ஒண்ணாவது நின்னுட்டுப் பண்றேனே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டர் பாடத்தைப் பத்தாம் வகுப்பில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு பீரியட் விழுங்குகிற அடுத்த பாடத்தைப் பற்றி அடுத்த ஜனவரியில் சண்டை போட்டுக்கொள்கிறோம். மாமியாரிடம் வகுப்பில் பாதி பையன்கள் என்று சொன்னேன். "அதெதுக்கு?" என்று கேட்டார். நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு கேள்வி: பட்டியலில் பெரிய வகுப்புக்கு 'ஃபுட் சயின்ஸ்' என்று ஒரு பாடம் பார்த்தேன். அது சயின்ஸ் கிரெடிட்டாகச் சேருமா?

கணக்குப்பிள்ளை

சேரும். டெக்சாஸில் அது பட்டத்துக்குத் தேவையான சயின்ஸ் கிரெடிட்டில் ஒன்றாகக் கணக்காகும். பயாலஜி, கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு எடுக்கிற பாடம் அது. ஏபி அளவு வெயிட் இருக்கிறதா என்பது ஐஎஸ்டிக்கு ஐஎஸ்டி மாறும். கேளுங்கள், எழுத்தில்.

வால்பையன்

ஆன்ட்டி, வழுக்காத கறுப்பு ஷூ வாங்கிடுங்க, முன்பக்கம் மூடினது. கேன்வாஸ் ஷூ போட்டா லேபுக்குள்ள விடமாட்டாங்க. முதல் நாள் என்னை வெளியே உக்கார வெச்சு வொர்க்‌ஷீட் குடுத்தாங்க. முடியைக் கட்டணும், மோதிரம் வளையல் கிடையாது. லேப் ஃபீஸ் தனியா கேப்பாங்க.